ஐடி முடங்கும் முன்பே தொடங்குங்கள்: ஆப் வழி வேலை செய்பவர்கள் உரிமையைக் கேட்டுப் பெற முழுமையான வழிகாட்டி

டெலிவரி, டாக்ஸி, வீட்டுச் சேவை என ஆப் மூலம் வேலை செய்பவர்களுக்குப் புகார்க் கடிதம் எழுதிக் கொடுப்பது சில ஆண்டுகளாக என் வழக்கம். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். ஐடி, அதாவது ஆப்பில் அவர்களுக்கு உள்ள வேலைக் கணக்கு, பிளாக் ஆன பிறகுதான் வருகிறார்கள். "எத்தனை நாள் ஓட்டினீர்கள்? போன மாதம் எவ்வளவு வந்தது? எந்த ஆர்டரில் புகார்?" என்று கேட்டால் போனை எடுத்து ஆப்பைத் திறக்கிறார்கள். அது உள்ளே விடுவதில்லை. மூன்று வருட உழைப்பின் கணக்கு மொத்தமும் அந்தத் திரைக்குப் பின்னால் கிடக்கிறது.

அதனால் இந்த வழிகாட்டியில் புகார் எழுதுவது ஏழாவது படியாகத்தான் வருகிறது. முதல் ஆறையும் பிரச்சினை எதுவும் இல்லாத நாளில் செய்துவிட வேண்டும். இப்போதே ஐடி முடங்கியிருந்தால் நேராக ஏழாவது படிக்குப் போங்கள். பிறகு திரும்பி வந்து முதல் படியில் முடிந்ததைச் செய்யுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகம், உங்கள் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி, போனுக்கு வெளியே படங்களைச் சேமிக்க ஓர் இடம், வங்கிக் கணக்கு அறிக்கை, அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமம், வண்டிக் காப்பீட்டுப் பத்திரம். இவை போதும். வக்கீல் இந்தக் கட்டத்தில் தேவையில்லை.

மின்னஞ்சல் முகவரி உங்களுடையதாகவே இருக்கட்டும். சேர்த்துவிட்ட ஏஜென்ட்டோ நண்பரோ உருவாக்கிய முகவரியில் பதிவு செய்துவிட்டு, பிறகு கடவுச்சொல் தெரியாமல் திண்டாடியவர்கள் பலர். நிறுவனத்தின் அறிவிப்புகள் அந்த முகவரிக்கே போகும். நீங்கள் பார்க்காத அறிவிப்பும் "அனுப்பிவிட்டோம்" என்ற கணக்கில் சேர்ந்துவிடும்.

1. பதிவுகளை ஆப்புக்கு வெளியே எடுங்கள்

எல்லாவற்றுக்கும் அடித்தளம் இதுதான். ஆப்பில் தெரியும் எதுவும் உங்கள் கையில் இருப்பதாக நினைக்காதீர்கள். காட்டுவதும் மறைப்பதும் நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

வாரம் ஒரு நாள், பேஅவுட் (அந்த வாரத்துக்கான பணம்) வந்தவுடன், பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அந்த வார வருமானப் பக்கம், பிடித்தம் பக்கம், இன்சென்டிவ் நிபந்தனைப் பக்கம், ரேட்டிங், லாகின் நேரம் ஆகிய ஐந்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தேதியும் நேரமும் தெரியும்படி திரையின் மேல்பகுதியையும் சேர்த்து எடுக்க வேண்டும். வெட்டி எடுத்த படத்தை "இது எப்போது எடுத்தது?" என்று எளிதாகத் தள்ளிவிடுவார்கள்.

இன்சென்டிவ் பக்கத்தை வாரத் தொடக்கத்திலும் ஒருமுறை எடுங்கள். "இத்தனை ஆர்டர் முடித்தால் இவ்வளவு" என்ற நிபந்தனை வாரத்தின் நடுவில் மாறிவிட்டது என்று பலர் சொல்கிறார்கள். திங்கட்கிழமைப் படமும் ஞாயிற்றுக்கிழமைப் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் அதை நிறுவ முடியும்.

நோட்டில் நாள்தோறும் ஒரு வரி எழுதுங்கள்: தேதி, லாகின் செய்த நேரம், முடித்த நேரம், ஆர்டர்களின் எண்ணிக்கை, வண்டி மீட்டர் தொடக்கம், முடிவு, ஏதாவது சம்பவம். சம்பவம் என்றால் சின்னதும்தான். "இரவு 9.40, முகவரி தவறு, வாடிக்கையாளர் போன் எடுக்கவில்லை, சப்போர்ட்டில் டிக்கெட் போட்டேன்" என்ற ஒரே வரி, நான்கு மாதம் கழித்து "பொருளைக் கொடுக்காமல் கொடுத்ததாகக் காட்டினார்" என்ற குற்றச்சாட்டு வரும்போது துணை நிற்கும். அன்றன்று எழுதிய குறிப்புக்கு இருக்கும் மதிப்பு, பிறகு நினைவிலிருந்து சொல்வதற்குக் கிடையாது.

சப்போர்ட் சாட்டை மூடும் முன் படம் எடுங்கள். பல ஆப்களில் சாட் முடிந்ததும் உரையாடல் மறைந்துவிடும். போனில் பேசினால், பேசிய நேரம், பேசியவர் சொன்ன பெயர், டிக்கெட் எண் மூன்றையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. படங்களில் வாடிக்கையாளரின் பெயரும் முகவரியும் போன் எண்ணும் இருக்கும். உங்கள் கோப்பில் பத்திரமாக இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் போடும்போது மறைத்துவிட்டுப் போடுங்கள். அந்தரங்கத் தகவலை வெளியிட்டார் என்பதே ஐடியை நிரந்தரமாக நிறுத்தக் காரணமாகிவிடும்.

2. ஒப்பந்தத்தில் ஐந்து இடங்களை மட்டும் தேடிப் படியுங்கள்

முதல் நாள் "ஒப்புக்கொள்கிறேன்" என்று தட்டிய அந்த நீண்ட பக்கத்தை முழுக்கப் படிக்கச் சொன்னால் யாரும் படிப்பதில்லை. ஆகவே ஐந்து இடங்கள் மட்டும்: உங்களை என்னவென்று அழைக்கிறார்கள், கட்டணத்தை யார் முடிவு செய்கிறார்கள், எந்தக் காரணங்களுக்காகக் கணக்கை நிறுத்தலாம், தகராறு வந்தால் எங்கே போக வேண்டும், உங்களுக்குப் பதில் வேறொருவர் வேலை செய்யலாமா.

இவற்றில் தகராறு பற்றிய பகுதிக்குத்தான் அதிக கவனம் வேண்டும். சில ஒப்பந்தங்கள் நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவர் தீர்ப்புக்கு மட்டுமே போகலாம் என்று கட்டிப் போடும். அதிலிருந்து விலகிக்கொள்ளச் சில நாட்கள் அவகாசம் தரும் ஒப்பந்தங்களும் உண்டு. அந்த நாட்கள் கடந்த பிறகு படித்துப் பயனில்லை.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் பழைய நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் புகார் நடந்த தேதியில் எந்த நிபந்தனை இருந்ததோ அதுதான் கணக்கில் வரும்.

3. உங்களை யார் நடத்துகிறார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

"நீங்கள் ஊழியர் இல்லை, பார்ட்னர்" என்று ஒப்பந்தம் சொல்வதைப் படித்ததும் பலர் சோர்ந்துபோகிறார்கள். அந்தச் சொல்லோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. வேலை நடைமுறையில் எப்படி நடக்கிறது என்பதை நீதிமன்றங்கள் பார்க்கின்றன.

பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 19 அன்று ஊபர் வழக்கில் ஓட்டுநர்களைத் தொழிலாளர் என்றே கருத வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கட்டணத்தையும் ஒப்பந்த நிபந்தனைகளையும் நிறுவனமே வைக்கிறது, சவாரியை மறுத்தால் தண்டிக்கிறது, ரேட்டிங் மூலம் வேலையைக் கட்டுப்படுத்துகிறது, பயணியோடு ஓட்டுநர் நேரடித் தொடர்பு வைக்க விடுவதில்லை என்பவை அதற்கான காரணங்கள். அதே நீதிமன்றம் 2023 நவம்பரில் டெலிவரூ என்ற உணவு டெலிவரி நிறுவனத்தின் வழக்கில் ரைடர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தனக்குப் பதில் வேறொருவரை அனுப்பும் உரிமை ரைடர்களுக்கு உண்மையிலேயே இருந்தது என்பது அங்கே பெரிய காரணமாயிற்று. இரண்டாவது படியில் அந்த ஐந்தாவது இடத்தைப் படிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஆகவே ஒரு தாளில் எழுதுங்கள். விலை யார் வைப்பது? ஆர்டரை மறுத்தால் என்ன நடந்தது, எந்தத் தேதியில்? சீருடை, பை கட்டாயமா? எந்த நேரத்தில், எந்தப் பகுதியில் வேலை என்று யார் சொல்கிறார்? டீம் லீடர் என்ன மெசேஜ் அனுப்புகிறார்? ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு படம் சேர்த்து வையுங்கள். "கொடுமைப்படுத்துகிறார்கள்" என்று எழுதுவதைவிட "மார்ச் 3 அன்று இரண்டு ஆர்டர் மறுத்தேன், அடுத்த 40 நிமிடம் ஆர்டர் வரவில்லை, படம் 12" என்று எழுதுவதற்கு வலு அதிகம்.

4. உங்கள் ஊர்ச் சட்டம் எதைத் தருகிறது என்று பிரித்துப் பாருங்கள்

உரிமை என்று ஒரே மூட்டையாகக் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. ஊதியம், விபத்துக் காப்பு, சமூகப் பாதுகாப்பு, கணக்கு முடக்கம் ஆகிய நான்கும் தனித்தனி. ஒரு சட்டம் ஒன்றைத் தரும், மற்றதைத் தராது.

இந்தியாவில் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளது. ஆப் நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தை, தொழிலாளர்களுக்குத் தரும் தொகையில் 5 சதவீதத்துக்கு மிகாமல், அந்தத் தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்பு நிதிக்குச் செலுத்த வேண்டும். இது காப்பீடு, நலத்திட்டம் போன்றவற்றுக்கான வழி. குறைந்தபட்சக் கூலியையோ ஐடி முடக்கத்தையோ இந்தப் பகுதி தொடுவதில்லை. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். கர்நாடகத்தின் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் முடக்கத்தைத் தொடுகிறது: எழுத்தில் காரணமும் 14 நாள் முன்னறிவிப்பும் இல்லாமல் வேலையிலிருந்து நீக்க முடியாது என்கிறது. ராஜஸ்தான் 2023-இல் தனிச் சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டில் ஆப் வழித் தொழிலாளர்களுக்கென்று நல வாரியம் அதே 2023-இல் அமைந்தது.

சிங்கப்பூரில் பிளாட்ஃபார்ம் தொழிலாளர், அதாவது ஆப் வழி வேலை செய்பவர்களுக்கான சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. வேலையில் காயம்பட்டால் இழப்பீடு உண்டு. 1995 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு மத்திய சேமநிதிப் (ஓய்வுக்காலச் சேமிப்பு) பங்களிப்பு கூடுதல் விகிதத்தில் கட்டாயம். மலேசியா 2025-இல் கிக் தொழிலாளர் (நிரந்தர வேலையில்லாமல் பணிக்குப் பணி கூலி பெறுபவர்) சட்டத்தை நிறைவேற்றியது. கனடாவின் ஒண்டாரியோவில் 2025 ஜூலை 1 முதல், கணக்கை 24 மணி நேரமோ அதற்கு மேலோ நிறுத்துவதானால் பொதுவாக இரண்டு வார எழுத்து முன்னறிவிப்பு தர வேண்டும். ஆஸ்திரேலியாவில் நியாயமற்ற முடக்கத்தை எதிர்த்து தொழில் தகராறுகளை விசாரிக்கும் ஃபேர் வொர்க் ஆணையத்திடம் 21 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தது ஆறு மாதம் வழக்கமாக வேலை செய்து வந்திருப்பது அங்கே ஒரு நிபந்தனை. ஆப் வழி வேலை பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டு நெறிமுறையை உறுப்பு நாடுகள் 2026 டிசம்பர் 2-க்குள் தங்கள் சட்டமாக்க வேண்டும். கணக்கை முடக்கும் முடிவை மனிதர் ஒருவர் மறு ஆய்வு செய்யக் கேட்கும் உரிமை அதில் இருக்கிறது.

உங்கள் ஊருக்கு உரியதை எடுத்துக்கொண்டு நான்கு கட்டம் போடுங்கள். காலியாக இருக்கும் கட்டத்துக்குச் சட்டத்தை இழுக்க வேண்டாம். அங்கே ஒப்பந்தத்தையும் நிறுவனத்தின் சொந்தக் கொள்கையையும் வைத்துத்தான் பேச வேண்டும்.

5. அரசுப் பதிவை முடித்துவிடுங்கள்

நலத்திட்டங்கள் பதிவு செய்தவர்களுக்கே போகும். விபத்து நடந்த மறுநாள் பதிவு செய்தால் அந்த விபத்துக்குப் பலன் கிடைப்பது மிகக் கடினம்.

இந்தியாவில் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான அரசின் பதிவுத் தளமான இ-ஷ்ரமில் பதிவு செய்தால் 12 இலக்க எண் கிடைக்கும். பதிவின்போது பிளாட்ஃபார்ம் தொழிலாளி என்ற பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொதுவான அமைப்புசாராத் தொழிலாளி என்று பதிந்துவிட்டு, இந்தப் பிரிவுக்கான பலன் ஏன் வரவில்லை என்று கேட்பவர்களைப் பார்க்கிறேன். மாநில நல வாரியம் இருந்தால் அதிலும் தனியாகப் பதிய வேண்டும். ஒன்றில் பதிந்தால் மற்றதில் தானாகச் சேர்ந்துவிடாது.

பெயர் எல்லா ஆவணங்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கட்டும். முன்னெழுத்து ஓர் இடத்தில் முன்னால், மற்றோர் இடத்தில் பின்னால் என்று இருந்தாலே விண்ணப்பம் நின்றுபோகும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வேறொருவர் ஐடியில் ஓட்டாதீர்கள், உங்கள் ஐடியை வாடகைக்கு விடாதீர்கள். ஓட்டுகிறவருக்கு விபத்து நடந்தால், வேலை செய்தவர் பெயரில் எந்தப் பதிவும் இருக்காது. காப்பீடும் வராது, வாரியமும் ஏற்காது. ஒரு குடும்பம் அந்த நிலையில் நின்றதை நேரில் பார்த்தேன். எழுதுவதற்கு என்னிடம் ஒரு வாக்கியம்கூட இல்லாமல் போயிற்று.

6. கூலியை நீங்களே கணக்குப் போடுங்கள்

"பணம் குறைகிறது" என்ற உணர்வு புகாராகாது. எங்கே, எவ்வளவு என்ற எண் வேண்டும்.

வாரத்தில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து ஒவ்வோர் ஆர்டரின் தூரத்தையும் வண்டி மீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். இப்படிக் குறித்த ஒருவரின் நோட்டில், ஆப் 3.1 கிலோமீட்டர் என்று காட்டிய ஆர்டர் மீட்டரில் 4.6 இருந்தது. வித்தியாசம் ஒன்றரை கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 20 ஆர்டரிலும் இதே வித்தியாசம் வந்தால் 30 கிலோமீட்டர் கூலி இல்லாமல் ஓடுகிறது. முதல் படியில் சேர்த்த ஆர்டர் விவரங்களோடு இதை வைத்தால் புகார் தயார்.

அடுத்து மணிக்கணக்கு. வார வருமானத்திலிருந்து எரிபொருள், பழுது, இணையக் கட்டணம், காப்பீடு, கமிஷன் எல்லாவற்றையும் கழியுங்கள். மீதியை ஆர்டரில் இருந்த நேரத்தால் ஒருமுறையும், லாகினில் இருந்த மொத்த நேரத்தால் ஒருமுறையும் வகுங்கள். காத்திருந்த நேரத்தைச் சில நாடுகளின் சட்டம் கணக்கில் எடுக்கிறது, சில எடுப்பதில்லை. இரண்டு எண்ணும் கையில் இருந்தால் எந்த அதிகாரி கேட்டாலும் சொல்லலாம்.

பிடித்தங்களுக்கு ஒவ்வொன்றாகக் காரணம் கேட்டு எழுதுங்கள். மொத்தமாக "ஏன் பிடித்தீர்கள்" என்று கேட்டால் மொத்தமாக ஒரு பொதுப் பதில்தான் வரும்.

7. ஐடி முடங்கிய முதல் 24 மணி நேரம்

இந்த நேரத்தில் செய்யக் கூடாதவற்றை முதலில் சொல்கிறேன். ஆப்பை அழிக்காதீர்கள். போனை ரீசெட் செய்யாதீர்கள். வேறு எண்ணில் புதுக் கணக்குத் தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கினால் பழைய குற்றச்சாட்டு பொய்யாக இருந்தாலும், இரட்டைக் கணக்கு என்ற உண்மையான குற்றச்சாட்டை நீங்களே கையில் கொடுத்ததாகிவிடும். சப்போர்ட்டில் கோபமாகத் திட்டி அனுப்பாதீர்கள். அந்தச் சாட்டும் பதிவாகிறது.

முதலில், திரையில் வரும் அறிவிப்பை அப்படியே படம் எடுங்கள். தற்காலிகமா, நிரந்தரமா, ஆவணக் குறைபாடா, செல்ஃபி சரிபார்ப்பா என்று பாருங்கள். செல்ஃபி பொருந்தாததாலும் உரிமம் காலாவதியானதாலும் வரும் முடக்கம் ஆவணத்தைப் பதிவேற்றினால் பெரும்பாலும் திறந்துவிடும். அதற்கு நீண்ட புகார்க் கடிதம் எழுதி நாளைக் கடத்த வேண்டாம்.

காரணம் தெளிவாக இல்லையென்றால், ஆப் வழியாகவும் மின்னஞ்சலிலும் ஒரே வாசகத்தை அனுப்புங்கள். மாதிரி:

"என் ஐடி எண் ____. ____ தேதி ____ மணிக்கு என் கணக்கு நிறுத்தப்பட்டது. எந்த விதியின்படி, எந்த ஆர்டர் தொடர்பாக, எந்த ஆதாரத்தின் அடிப்படையில் என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். முடிவைத் தானியங்கி முறை எடுத்ததா, ஒரு நபர் எடுத்தாரா என்பதையும் தெரிவிக்கவும். பொறுப்புள்ள ஒருவர் இதை மறு ஆய்வு செய்ய வேண்டும் என்று கோருகிறேன். எனக்கு வர வேண்டிய ____ தேதி வரையிலான பாக்கித் தொகையை வழங்கவும். ____ தேதிக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்."

கடிதத்தில் உங்கள் வறுமையையோ குழந்தைகளின் படிப்பையோ முதலில் எழுதத் தோன்றும். அந்த வேதனை உண்மையானது. ஆனால் படிப்பவருக்கு முதலில் வேண்டியது ஐடி எண், தேதி, ஆர்டர் எண். அவை கீழே ஐந்தாவது பத்தியில் இருந்தால் அதற்குள் பொதுப் பதில் ஒட்டப்பட்டுவிடும்.

பாக்கிப் பணம் தனி விஷயம். கணக்கை நிறுத்தியது சரியோ தவறோ, செய்து முடித்த வேலைக்கான கூலியைத் தனியாகக் கேளுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் ஒன்று நிலுவையில் இருக்கும்போது மற்றதும் நிற்கும்.

பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இருப்பவர்கள், தங்களைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் தகவல்களின் நகலைத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். இழந்த வருமானப் பதிவுகளை மீட்க இது நல்ல வழி.

8. விபத்து நடந்தால்

முதலில் சிகிச்சை. மருத்துவமனையில் பெயர் பதியும்போதே "வேலையில் இருந்தபோது நடந்த விபத்து" என்று எழுதச் சொல்லுங்கள். "கீழே விழுந்தார்" என்று மட்டும் பதிவானால், வேலைக்கும் காயத்துக்கும் உள்ள தொடர்பைப் பிறகு நிறுவுவது பெரும்பாடு.

ஆர்டர் ஓடிக்கொண்டிருந்த திரையைப் படம் எடுங்கள், அல்லது உடன் இருப்பவரை எடுக்கச் சொல்லுங்கள். பல நிறுவனக் காப்பீடுகள் ஆர்டரில் இருந்த நேரத்தையே பார்க்கின்றன. காவல்துறைப் பதிவு, மருத்துவ ரசீதுகள், ஓய்வு எடுக்கச் சொன்ன சான்று மூன்றின் அசலையும் கையை விட்டுக் கொடுக்காதீர்கள், நகல் மட்டும் கொடுங்கள்.

வண்டியின் காப்பீடு சொந்த உபயோகத்துக்கா, வணிக உபயோகத்துக்கா என்று இன்றே பாருங்கள். சொந்த உபயோகப் பத்திரத்தில் டெலிவரி ஓட்டினால் காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையை மறுக்க அது ஒரு பிடியாகிவிடும்.

9. படிப்படியாக மேலே போங்கள்

வரிசை இது: ஆப் சப்போர்ட், நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி, தொழிலாளர் துறை அல்லது நல வாரியம், அதன் பிறகு தீர்ப்பாயம் அல்லது நீதிமன்றம். நேராக மேலே போனால் "முதலில் நிறுவனத்திடம் கேட்டீர்களா?" என்று திருப்பி அனுப்புவார்கள். கேட்டதற்கான தேதியிட்ட மின்னஞ்சல்தான் அடுத்த படியின் நுழைவுச் சீட்டு.

ஆனால் நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்திருந்தே காலக்கெடுவைத் தவறவிடாதீர்கள். "பரிசீலனையில் உள்ளது" என்ற பதில் சட்டத்தின் கெடுவை நிறுத்தாது. ஆஸ்திரேலியாவின் 21 நாளை மேலே சொன்னேன். உங்கள் ஊர்க் கெடு எதுவோ, அதற்கு ஒரு வாரம் முந்தைய தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள்.

புகாருடன் இணைக்கும் படங்களுக்கு எண் போட்டு, எந்த எண் எதைக் காட்டுகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். நாற்பது படங்களை எண்ணில்லாமல் அனுப்பினால் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

10. சேர்ந்து கேளுங்கள், கையெழுத்துக்கு முன் நில்லுங்கள்

ஒரே காரணத்துக்காக ஒரே வாரத்தில் ஐந்து பேருக்குப் பிடித்தம் நடந்திருந்தால், ஐந்து தனிப் புகார்களையும் ஒரே தேதியில் அனுப்புங்கள். ஒவ்வொன்றிலும் மற்ற நான்கு பேரும் இதே சிக்கலில் இருப்பதை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். தனி ஒருவரின் தவறு என்று தள்ள முடியாமல், முறையில்தான் பிழை என்று அது காட்டும். ஊரில் தொழிற்சங்கம் இருந்தால் சேர்ந்துவிடுங்கள். காலக்கெடுவும் அலுவலக வழக்கமும் அவர்களுக்குத் தெரியும்.

சமரசத் தொகை தருவதாக அழைத்தால் சந்தோஷத்தில் உடனே கையெழுத்திடாதீர்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி அந்தத் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், விபத்து, பாக்கிக் கூலி, முடக்கம் மூன்றும் அந்த ஒரே வரியில் அடங்கிப்போகும். தாளை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு நாளை வருகிறேன் என்று சொல்லுங்கள். எடுத்துப் போக விடவில்லை என்றால், அதையும் தேதி, நேரத்தோடு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.